கீறலா, துளையா, ரோபோவா: ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் முன்

போன மாதம் திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். வயது எழுபத்தொன்று. வலது பக்க அடிவயிற்றில் குடலிறக்கம். கூட வந்த மகளின் மஞ்சள் பையில் மூன்று எஸ்டிமேட் தாள்கள்: ஒன்றில் கீறித் திறக்கும் ஆபரேஷன், இன்னொன்றில் லேப்ராஸ்கோபி (சின்னத் துளைகள் போட்டு, கேமரா விட்டுச் செய்வது), மூன்றாவதில் ரோபோ. மூன்றாவது தாளின் தொகை முதல் தாளைப்போல மூன்று மடங்கு. துபாயில் இருக்கும் மகன் போனில், "ரோபோவே பண்ணிருங்க, காசு நான் அனுப்புறேன்" என்று முடித்துவிட்டாராம். பெரியவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"தம்பி, மிஷின் தப்புப் பண்ணுச்சுன்னா நான் யாரைப் போய்ப் பிடிக்கிறது?"

நான் டாக்டர் இல்லை. மதுரையில் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் மேசையில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவன். உசிலம்பட்டி, மேலூர், சோழவந்தான், தேனி என்று சுற்றுவட்டாரம் முழுவதிலிருந்தும் வருகிறவர்கள் டாக்டரைப் பார்த்துவிட்டு அடுத்து வந்து நிற்பது என் மேசை முன்னால்தான். உள்ளே கேட்கக் கூச்சப்பட்டதையெல்லாம் இங்கே கேட்பார்கள். கடந்த சில வருஷங்களாக அதிகம் கேட்கப்படுவது இந்த ரோபோ சமாச்சாரம். நான் பார்த்ததையும் படித்ததையும் இங்கே எழுதுகிறேன். கடைசி வார்த்தை உங்கள் டாக்டருடையது.

முதலில், ரோபோ என்ன செய்கிறது?

தானாக எதையும் செய்வதில்லை. ஆபரேஷன் தியேட்டரின் ஒரு பக்கம் ஒரு கன்சோல். அதில் டாக்டர் உட்கார்ந்து, கண்ணைக் கண்ணாடியில் பதித்து, விரல்களைப் பிடிப்பானுக்குள் நுழைத்திருப்பார். நோயாளியின் மேல் நான்கு இயந்திரக் கைகள். டாக்டரின் விரல் அசைந்தால் உள்ளே கருவி அசையும். அவர் நிறுத்தினால் அதுவும் நிற்கும். கை நடுக்கம் உள்ளே போகாமல் இயந்திரம் வடிகட்டிவிடும். உள்ளே இருப்பது முப்பரிமாணத்தில், பத்து மடங்கு வரை பெரிதாகத் தெரியும். நோயாளி பக்கத்தில் இன்னொரு டாக்டர் நின்றபடி கருவிகளை மாற்றிக் கொடுப்பார்.

அதிகம் புழங்குவது அமெரிக்காவின் டா வின்சி. 2000இல் அங்கே பொது அறுவைக்கு அனுமதி பெற்றது. நம் நாட்டிலேயே தயாராகும் மந்த்ரா என்ற இயந்திரமும் சில வருஷமாக இருக்கிறது. ஆகவே பெரியவருக்கு நான் சொன்ன பதில்: "அய்யா, பிடிக்க வேண்டியது டாக்டரைத்தான். மிஷினும் அவர் கையில இருக்க கத்தி மாதிரிதான்."

ஒரு சின்னக் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். நம்மூரில் துளை போட்டுச் செய்யும் எல்லாவற்றையும் "லேசர் ஆபரேஷன்" என்பார்கள். லேப்ராஸ்கோபியில் இருப்பது கேமரா. அதற்கும் லேசருக்கும் சம்பந்தம் இல்லை. முழங்கால் மாற்று ஆபரேஷனில் விளம்பரப்படுத்தும் ரோபோவும் வேறு ஜாதி. எலும்பை எந்தக் கோணத்தில், எவ்வளவு வெட்டுவது என்பதற்கு அது உதவும். உள்ளே பொருத்தும் மூட்டு பெரும்பாலும் சாதாரண ஆபரேஷனில் வைக்கும் அதே வகைதான்; அந்த மூட்டுக்கு 2017 முதல் மத்திய அரசு விலை உச்சவரம்பு வைத்திருக்கிறது, ரோபோ கட்டணம் அதில் சேராது. இந்தக் கட்டுரை வயிறு, அடிவயிறு ஆபரேஷன்களைப் பற்றியது மட்டும்.

எதை வைத்து எடை போடுவது?

என் வரிசை இதுதான். முதலில் நோய்: அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, வெட்டி எடுத்தால் போதுமா, உள்ளே தையல் வேலையும் நிறைய உண்டா? அடுத்து உடம்பு: முழு மயக்கத்தையும் வயிற்றில் காற்று நிரப்புவதையும் தாங்குமா? மூன்றாவது டாக்டரின் அனுபவம். ஆபரேஷனிலும் வேண்டும், அந்த முறையிலும் வேண்டும். நான்காவது மொத்தச் செலவு, அதாவது டிஸ்சார்ஜ் பில்லோடு வீட்டில் படுத்திருக்கும் நாட்களின் கூலியும் சேர்த்து. தழும்பையும் சிலர் கேட்பார்கள். அதற்கு நான் கடைசி இடம்தான் தருவேன்.

கீறித் திறக்கும் ஆபரேஷன்

இதைப் "பழைய முறை" என்று சொல்லி ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அடிவயிற்றுக் குடலிறக்கத்தில் ஒரு பக்கம் சிறு கீறல் போட்டு வலை வைத்துத் தைப்பதை முதுகில் ஊசி போட்டே செய்துவிடலாம். உடம்பு மோசமாக இருந்தால் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்தும் செய்வதுண்டு. பீடி குடித்து நெஞ்சு கெட்டவர்கள், எக்கோ ஸ்கேனில் இதயம் பலவீனம் என்று வந்தவர்கள் ஆகியோருக்கு இது பெரிய விஷயம். துளை ஆபரேஷனுக்கும் ரோபோவுக்கும் கிட்டத்தட்ட எப்போதும் முழு மயக்கம் வேண்டும். வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு நிரப்ப வேண்டும்.

விபத்தில் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும்போதும், பெரிய கட்டியை முழுதாக வெளியே எடுக்க வேண்டியபோதும், பல ஆபரேஷன் ஆகி உள்ளே குடல் ஒட்டிக் கிடக்கும்போதும் டாக்டர்கள் கைக்கே திரும்புவார்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. ஆரம்ப நிலைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் கீறித் திறந்து செய்தவர்களையும் துளை வழியாகச் செய்தவர்களையும் ஒப்பிட்ட பன்னாட்டு ஆய்வு 2018இல் வெளிவந்தது. நாலரை வருஷம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் திறந்த முறையில் 96.5 சதவீதம், துளை முறையில் 86 சதவீதம். துளைக் குழுவில் பெரும்பாலோருக்கு லேப்ராஸ்கோபி, சிலருக்கு ரோபோ. அதற்கடுத்த வருஷமே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ரோபோவைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. ஆகவே அந்த நோய்க்கு யாராவது "சின்னத் துளைதான், மூணு நாள்ல வீட்டுக்குப் போயிரலாம்" என்று ஆசை காட்டினால், இந்த ஆய்வைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள்.

மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. வயிற்றில் பெரிய கீறல் என்றால் ஆஸ்பத்திரியில் கூடுதல் நாட்கள், புண்ணில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடுதல், ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. கட்டட வேலைக்கோ களையெடுக்கவோ போகிறவருக்கு அந்த ஆறு வாரம்தான் உண்மையான பில். அரசாங்கக் காப்பீட்டு அட்டையில் ஆபரேஷனே இலவசமாக முடிந்தாலும் அந்தக் கூலியை யாரும் தரப்போவதில்லை.

லேப்ராஸ்கோபி

பித்தப்பைக் கல்லுக்கும், குடல்வால் அழற்சிக்கும், பெரும்பாலான குடலிறக்கங்களுக்கும் நான் பார்த்தவரை இதுவே போதும். மூன்று நான்கு துளை. இரண்டாம் நாள் வீடு. தோள்பட்டையில் ஒரு வலி வரும், பயந்துவிடாதீர்கள். உள்ளே மிச்சமிருக்கும் காற்று செய்யும் வேலை அது, ஓரிரு நாளில் போய்விடும்.

பித்தப்பைக்கு ரோபோ வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு கணக்கைச் சொல்வேன். அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் திட்டத்தில் பித்தப்பை எடுத்துக்கொண்ட பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை அலசி 2023இல் ஓர் ஆய்வு வந்தது. பித்தநாளத்தில் காயம் பட்டு அதைச் சரிசெய்ய வேண்டி வந்தது லேப்ராஸ்கோபியில் 0.2 சதவீதம், ரோபோவில் 0.7 சதவீதம். அதற்கு இயந்திரம்தான் காரணம் என்று அந்த ஒரு ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது; புதிதாகக் கற்றுக்கொண்டவர்களின் கையும் அந்தக் கணக்கில் இருக்கலாம். ஆனால் கூடக் காசு கொடுத்தால் கூடப் பாதுகாப்பு என்று நினைப்பவருக்கு இந்த எண் போதும்.

குடலிறக்கத்திலும் இதே கதை. நூற்றுச் சொச்சம் நோயாளிகளை இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வொன்றின் முடிவு 2020இல் வந்தது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் வலியிலும் நடமாட்டத்திலும் வித்தியாசம் இல்லை. ரோபோவில் நேரமும் செலவும்தான் கூடியது.

லேப்ராஸ்கோபியின் பலவீனம் உள்ளே ஆழமான இடத்தில் தையல் போடும்போது தெரியும். நீளமான குச்சி, முனையில் மணிக்கட்டு கிடையாது. முருங்கைக்காய் பறிக்கும் தொரட்டியைப் பிடித்துக்கொண்டு ஊசியில் நூல் கோப்பதுபோல என்று ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார். பழகியவர்கள் அதையும் அழகாகச் செய்கிறார்கள். ஆனால் அப்படிப் பழகியவர்கள் ஊருக்கு எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

ரோபோ

அந்தத் தொரட்டிக்கு மணிக்கட்டு வைத்ததுதான் ரோபோவின் பலம். இடுப்பெலும்புக்குள் குறுகலான இடம், நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, எடுத்த பிறகு தைத்து இணைக்கவும் வேண்டும்: இப்படிப்பட்ட வேலையில் அது காசுக்கு நியாயம் செய்கிறது. முக்கியமாக இரண்டு ஆபரேஷன்.

ஒன்று, புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டை (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) எடுப்பது. எடுத்தபின் சிறுநீர்ப்பையையும் சிறுநீர்க் குழாயையும் சுற்றித் தைக்க வேண்டும். இதிலும் மிகைப்படுத்த வேண்டாம். ஆஸ்திரேலியாவில் முந்நூற்றுச் சொச்சம் ஆண்களை வைத்துத் திறந்த முறையோடு ஒப்பிட்டார்கள். முதல் முடிவு 2016இல் வந்தது. ரத்த இழப்பு ரோபோவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் சிறுநீர் கட்டுப்பாடு, தாம்பத்தியம் என்று ஆண்கள் உண்மையில் கவலைப்படும் விஷயங்களில் மூன்று மாதத்தில் வித்தியாசம் இல்லை. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அதே நிலைதான். "ரோபோ பண்ணா எல்லாம் முன்ன மாதிரியே இருக்கும்" என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பிவிடாதீர்கள்.

இரண்டு, சிறுநீரகத்தில் கட்டி இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி, மீதிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவது. ரத்தக்குழாயைக் கவ்வியால் பிடித்து நிறுத்தி, அரை மணி நேரத்துக்குள் வெட்டித் தைத்துவிட வேண்டும். அந்த அவசரத் தையலுக்கு மணிக்கட்டு உள்ள கருவி உதவுகிறது. என் வீட்டு ஆளுக்கு வந்தாலும், அனுபவமுள்ள கை கிடைத்தால், நான் ரோபோவைத்தான் கேட்பேன். கேட்கவும் செய்தேன்; அந்தக் கதை கீழே வருகிறது.

மலக்குடல் புற்றுநோயில் 2017இல் வந்த பன்னாட்டு ஆய்வு, லேப்ராஸ்கோபியைவிட ரோபோ தெளிவாக மேல் என்று காட்டவில்லை. மிகக் குண்டான உடம்பு, குறுகிய இடுப்பு உள்ள ஆண்கள் என்றால் ரோபோ கைகொடுக்கலாம் என்று அறுவை நிபுணர்கள் சொல்கிறார்கள். அந்த முடிவை அவர்களிடம் விட்டுவிடுவோம்.

குறைகளும் உண்டு. புழக்கத்தில் உள்ள இயந்திரங்களில் பெரும்பாலானவற்றில், திசுவை இழுக்கும்போது எவ்வளவு விசை என்று கைக்குத் தெரியாது. கண்ணால் பார்த்துத்தான் கணிக்க வேண்டும். இடுப்பு ஆபரேஷன் என்றால் தலைப் பக்கத்தை நன்றாகத் தாழ்த்திச் சாய்த்தபடி மணிக்கணக்கில் படுக்க வைப்பார்கள். கண்ணில் அழுத்த நோய் இருந்தால் அதை மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கண் சொட்டு மருந்து போடுவதை "அது சும்மா சொட்டு மருந்துதானே" என்று மறைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கர்ப்பப்பைக்கு நான்காவது வழி

பெண்களில் அதிகம் வருவது கர்ப்பப்பைக் கட்டியும் ரத்தப்போக்கும். கீறலா, துளையா, ரோபோவா என்றுதான் எஸ்டிமேட் வரும். வயிற்றையே தொடாமல் பிறப்புறுப்பு வழியாகவே கர்ப்பப்பையை எடுக்கும் முறை ஒன்று உண்டு. புற்றுநோய் இல்லாதபோது, செய்ய முடிகிற இடத்தில் அதுவே முதல் தேர்வு என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பே சொல்கிறது. தழும்பு இல்லை, முதுகு ஊசியிலும் செய்யலாம், செலவும் குறைவு. கட்டி ரொம்பப் பெரிதாக இருந்தால் முடியாது. எல்லா டாக்டரும் செய்வதும் இல்லை. "அம்மா, எனக்குக் கீழ் வழியா எடுக்க முடியாதா?" என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். கர்ப்பப்பையை எடுத்துத்தான் ஆக வேண்டுமா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம். மாத்திரையிலோ கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனத்திலோ அடங்கும் ரத்தப்போக்கும் நிறைய.

துளை வழியாகவோ ரோபோவிலோ பெரிய கட்டியை வெளியே எடுக்க, உள்ளேயே துண்டாக்கும் கருவியைச் சிலர் பயன்படுத்துவார்கள். தெரியாமல் அதில் புற்றுநோய் இருந்தால் வயிற்றுக்குள் பரவிவிடும் என்று 2014இலேயே அமெரிக்காவில் எச்சரித்துவிட்டார்கள். பைக்குள் வைத்துத் துண்டாக்குவார்களா என்று கேளுங்கள்.

பில்லில் ஒளிந்திருப்பவை

என் மேசைக்கு வருவோம். நான் பார்த்த எஸ்டிமேட்களில் ரோபோவுக்கு லேப்ராஸ்கோபியைவிடக் கூடுதலாக வருவது பெரும்பாலும் ஒரு லட்சத்துக்கு மேல். ஏன்? இயந்திரக் கையின் நுனிக் கருவிகளை இத்தனை தடவைதான் பயன்படுத்தலாம் என்று கம்பெனியே எண்ணி வைத்திருக்கிறது. அதன்பிறகு இயந்திரம் அந்தக் கருவியை ஏற்காது. கைகளை மூடும் உறை ஒவ்வொரு நோயாளிக்கும் புதிது. தியேட்டர் நேரமும் கூடும். பராமரிப்பு ஒப்பந்தத்தின் பங்கும் சேரும்.

இன்சூரன்ஸில் இருக்கும் பொறி வேறு. இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ 2019இல் விதித்தபடி, ரோபோ அறுவை உள்பட 12 நவீன சிகிச்சைகளைப் பாலிசியிலிருந்து கம்பெனிகள் ஒதுக்கக் கூடாது. நல்ல விதி. ஆனால் அதற்கு உள்வரம்பு, அதாவது இவ்வளவுக்கு மேல் தர மாட்டோம் என்ற தனி எல்லை, வைத்துக்கொள்ளலாம். ஆரோக்ய சஞ்சீவனி என்ற பொதுவான மருத்துவ பாலிசியில் அந்த வரம்பு காப்பீட்டுத் தொகையில் பாதி. 5 லட்சத்துக்குப் பாலிசி வைத்திருப்பவருக்கு ரோபோ பில் 4 லட்சம் வந்தால் 2.5 லட்சம் வரைதான் கணக்கில் எடுப்பார்கள். அதிலும் 5 சதவீதம் நம் பங்கு. அதே ஆள் லேப்ராஸ்கோபி செய்து 2.2 லட்சம் பில் வந்திருந்தால் கையிலிருந்து போவது அந்த 5 சதவீதம், பதினோராயிரம் போலத்தான்.

இதையெல்லாம் ஊருக்குச் சொல்லும் நானே கோட்டைவிட்டேன். என் அத்தானுக்குச் சிறுநீரகத்தில் கட்டி. ரோபோவில் செய்யலாம் என்று வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தோம். முன் அனுமதிக் கடிதத்தில் ஒரு தொகை வந்ததும் முதல் தவணை போல, மீதி டிஸ்சார்ஜின்போது வரும் என்று நினைத்துவிட்டேன். நான்காம் பக்கத்துக் குட்டி எழுத்தில் உள்வரம்பு இருந்தது. டிஸ்சார்ஜ் அன்று சாயங்காலம் அக்கா வளையலைக் கழற்றியபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆபரேஷன் நன்றாக முடிந்தது, அத்தான் இப்போது வயலுக்குப் போகிறார். அது வேறு விஷயம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு. ஆனால் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் தொகை முன்பே நிர்ணயித்தது. அட்டையைக் காட்டிச் சேர்ந்தபின் "ரோபோவுக்கு மட்டும் கையில் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால், ஆஸ்பத்திரியில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட அலுவலரிடம் போய்க் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். காசு கட்டாமல் ரோபோ வேண்டும் என்றால் விசாரிக்க வேண்டிய இடம் சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு மருத்துவமனை. 2022இல் அங்கே ரோபோ அறுவை மையம் திறந்தார்கள். ஆனால் புராஸ்டேட் எடுத்தவருக்கு ஒரு வாரம் பத்து நாள் சிறுநீர்க் குழாய் இருக்கும், அப்புறம் மறு பரிசோதனைகள். பாண்டியன் எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த் கிடைக்குமா, கூட இருப்பவர் எங்கே தங்குவார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

என் சாய்வு, ஒரு பார்வையில்

| நோய் | நான் முதலில் விசாரிப்பது | எப்போது மாறும் |
|---|---|---|
| பித்தப்பைக் கல் | லேப்ராஸ்கோபி | உள்ளே ஒட்டுதல் அதிகம் என்றால் கீறல் |
| ஒரு பக்கக் குடலிறக்கம் | கீறல் அல்லது லேப்ராஸ்கோபி | இரு பக்கமும் இருந்தால், திரும்ப வந்தால் லேப்ராஸ்கோபி |
| சாதாரணக் கர்ப்பப்பைக் கட்டி | மருந்து. பிறகு கீழ் வழி | பெரிய கட்டி என்றால் லேப்ராஸ்கோபி, கீறல் |
| கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் | கீறல் | புற்றுநோய் மருத்துவர் காரணம் சொன்னால் |
| புராஸ்டேட் புற்றுநோய் | ரோபோ, அனுபவமுள்ள கையில் | அப்படிப்பட்ட கை இல்லையென்றால் கீறல். கதிர்வீச்சையும் கேளுங்கள் |
| சிறுநீரகத்தில் சிறு கட்டி | ரோபோ | டாக்டர் லேப்ராஸ்கோபியில் தேர்ந்தவர் என்றால் அதுவும் சரி |

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

பயப்படாமல் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். "இந்த ஆபரேஷனை இந்த மிஷினில் நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்?" என்பது முதல் கேள்வி. மொத்த ரோபோ எண்ணிக்கை வேண்டாம். பித்தப்பை ஐம்பது செய்தவருக்கு அது புராஸ்டேட் அனுபவம் ஆகாது. கன்சோலில் உட்காரப்போவது அவரா, வெளியூரிலிருந்து வரும் டாக்டரா என்பது அடுத்தது. வருகை டாக்டர் என்றால், மூன்றாம் நாள் ராத்திரி காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்? பாதியில் திறக்க வேண்டி வந்தால் ரோபோ கட்டணமும் சேர்த்து வாங்குவீர்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ரோபோ இல்லையென்றால் இதே ஆபரேஷனை எப்படிச் செய்வீர்கள், அதில் எனக்கு என்ன குறையும் என்று கேட்டால் பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

ஆபரேஷன் அதிகம் நடக்கும் இடத்தில் கை தேறும், செலவும் இறங்கும். மதுரைக்காரர்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கண் ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காகப் பார்க்கிறோம். ரோபோவுக்கும் அதே அளவுகோல்தான். அவசரம் இல்லாத நோய் என்றால் கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரியின் புறநோயாளிப் பிரிவில் சீட்டுப் போட்டு இரண்டாவது கருத்து கேட்கலாம். காத்திருக்க வேண்டும், கூட்டம் இருக்கும். ஆனால் அங்கே சொல்கிறவருக்கு எந்த மிஷினின் தவணையும் தலைமேல் இல்லை.

திருமங்கலம் பெரியவருக்கு மயக்க மருந்து டாக்டர்தான் முடிவு சொன்னார். நாற்பது வருஷ பீடி, மாடிப்படி ஏறினால் இரைப்பு. முதுகில் ஊசி போட்டு, சின்னக் கீறலில், வலை வைத்து முடித்தார்கள். மூன்றாம் நாள் பஸ் ஏறிவிட்டார். மகன் அனுப்பிய பணத்தில் மிச்சம் இருந்தது. ரோபோவுக்கென்று வேறொரு இடத்தில் கட்டியிருந்த அட்வான்ஸ் ஐயாயிரத்தைத் திரும்பக் கேட்கலாமா என்று மகள் தயங்கினார். தாராளமாகக் கேட்கலாம்; செய்த டெஸ்ட்டுகளுக்குக் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். ரசீதை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள் என்றேன். மஞ்சள் பையிலேயே இருந்தது.